பீன்ஸ் விதைக்காத மண்

இந்த நாட்டில் அனுமதி இருந்தால் கஞ்சாவை மருந்தாக வளர்க்கலாம். நான் வளர்ப்பது ஒரே ஒரு ஆளுக்காக. பெயர் மார்லிஸ். பத்தொன்பது வருஷம் எனக்கு மனைவியாக இருந்தவள். பதினோரு வருஷமாக டாரில் என்பவனோடு ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறாள். டாரில் குதிரை வளர்க்கிறான். நல்லவன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

நோயாளி மார்லிஸ், அவருக்காக வளர்க்க அனுமதிக்கப்பட்டவர் வெண்டல் என்று அரசாங்கம் கொடுத்த தாளை நிலவறைக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். போலீஸ் கேட்டால் காட்டுவதற்கு என்று கேட்பவர்களிடம் சொல்வேன். எந்தப் போலீஸும் வந்ததில்லை. எங்கள் இரண்டு பேர் பெயரும் சேர்ந்து இருக்கிற தாள் வேறு எதுவும் என்னிடம் இல்லை, அதனால் ஒட்டினேன்.

மார்லிஸுக்கு வந்திருப்பது நரம்பின் மேலுறையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிற நோய். நடை தடுமாறியது, பிறகு பிடித்துத் தள்ளி நடக்கிற ஊன்றுவண்டி வந்தது, அதன் பிறகு காலில் இழுப்பு. மாத்திரை கொடுத்தார்கள், நாள் முழுக்கத் தூங்கினாள். தபாலில் வரும் கம்பெனிக் கஞ்சா எண்ணெயைக் கொடுத்தார்கள், தலைசுற்றி வாந்தி எடுத்தாள். என் நிலவறையில் ஒரே ஒரு வகைச் செடி அவளுக்கு ஒத்துக்கொண்டது. அதன் மொட்டை ஆலிவ் எண்ணெயில் காய்ச்சி வடித்து, நாக்குக்கு அடியில் நான்கு சொட்டு. அவ்வளவுதான். அரை மணியில் கால் அடங்கும், புத்தி தெளிவாக இருக்கும், என்னைக் கிண்டல் பண்ணத் தெம்பு வரும்.

அந்த வகைக்கு விதை கிடையாது. ஒரே ஒரு தாய்ச்செடி. அதிலிருந்து கிளைத்துண்டு வெட்டி வேர்விட வைத்து, அடுத்த போகத்தை எடுப்பேன். ஏழு வருஷமாக அந்தத் தாய்ச்செடியைப் பூக்க விடாமல் தினம் பதினெட்டு மணி நேரம் விளக்கில் வைத்திருக்கிறேன். வியாழக்கிழமைதோறும் மத்தியானம் எண்ணெய்ப் புட்டியை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போவேன். ஒரு காபி. சில நாள் ஒரு துண்டு ஆப்பிள் பை. டாரில் அந்த நேரம் பார்த்துக் குதிரைக் கொட்டிலுக்குப் போய்விடுவான். அதையும் நல்ல குணம் என்றுதான் ஊரில் சொல்வார்கள்.

எனக்கு வேறு பெருமை எதுவும் கிடையாது, மண் மட்டும்தான். எங்கள் ஊரில் பாதிப் பேர் நிலவறையில் செடி வைத்திருக்கிறார்கள், எல்லாம் பாட்டில்காரர்கள். திங்களுக்கு ஒரு பாட்டில் உரம், செவ்வாய்க்கு ஒரு பாட்டில், செடிக்கு ஆஸ்பத்திரிச் சாப்பாடு. நான் மண்ணுக்குத்தான் சாப்பாடு போடுவேன். மண்புழு உரம், இடித்த நண்டு ஓடு, கரையில் அள்ளிக் கழுவிக் காயவைத்த கடற்பாசி, பீப்பாயில் ஊறப்போட்ட காஞ்சொறி இலை. மண் செடியைப் பார்த்துக்கொள்ளும். அடி இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. ஓரம் கருகினால் சாம்பல்சத்து. புது இலையில் துருப்புள்ளி வந்தால் சுண்ணாம்பு. மனுஷன் முகத்தைப் படிக்க எனக்கு வராது என்று மார்லிஸ் விவாகரத்து நீதிபதி முன்னாலேயே சொன்னாள். இலையைப் படிக்க வரும்.

போன இலையுதிர் காலத்தில் அவளுக்கு இழுப்பு அதிகமானது. டாக்டர் அளவை இரட்டிப்பாக்கினார். தாளில் செடிக் கணக்கும் கூடியது. பதினான்கு புதுத் தொட்டிக்கு மண் வேண்டும். எனக்கு மாட்டெரு கொடுத்துக்கொண்டிருந்த கிழவர் அந்த வருஷம்தான் மாடுகளை விற்றுவிட்டு மகளோடு போய்விட்டார்.

நவம்பரில் ஒரு காலை, மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது டாரிலின் வண்டி என் வாசலில் வந்து நின்றது. பின்னால் தார்ப்பாய் மூடிய குவியல். முன்னால் மார்லிஸ். நான் வெளியே போனேன்.

"குதிரை லத்தி. ரெண்டு வருஷம் மக்கினது," என்றான் டாரில். "மழை படாம மூடி வெச்சிருந்தேன். கையில எடுத்துப் பாரு, வாடையே இருக்காது."

"நான் டவுன்ல மூட்டை மண்ணு சொல்லியிருக்கேன்."

"பொய் சொல்றான்," என்றாள் மார்லிஸ் ஜன்னலை இறக்கி. "மூட்டை மண்ணை இவன் செருப்பாலகூடத் தொட மாட்டான். ஏன்யா, எம்மேல உனக்குக் கோவம் இருக்கலாம், டாரில் மேல இருக்கலாம். குதிரைக்கும் உனக்கும் என்ன பகை?"

"பகையெல்லாம் ஒண்ணுமில்ல."

"அப்ப வாங்கிக்கோ. எனக்காக. ஒரு தடவையாவது இவன் குடுக்கறத வாங்கிக்கோ. ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்கறதப் பாத்துப் பாத்து எனக்கு அலுத்துப்போச்சு."

அவள் கதவைத் திறந்து, ஊன்றுவண்டியை இறக்கச் சொல்லி, மழையிலேயே இறங்கி நின்றுவிட்டாள். நான் வாங்கிக்கொள்கிறேனா இல்லையா என்று பார்க்க. டாரில் ஒரு மண்வெட்டியை என்னிடம் நீட்டினான். நானும் அவனும் சேர்ந்து அள்ளினோம். நல்ல லத்திதான். கறுப்பாக, பொலபொலவென்று, புழு நெளிய. எனக்கே பொறாமையாக இருந்தது.

என்னிடம் ஒரு சட்டம் உண்டு. புது எரு எங்கிருந்து வந்தாலும், அதில் முதலில் பீன்ஸ் போட வேண்டும். மூன்று தொட்டி, மூன்று வாரம். எதற்கென்றால், இந்தக் காலத்துப் புல்வெளிகளில் முள்செடிக்கு அடிக்கிற ஒருவகைக் களைக்கொல்லி இருக்கிறது. புல்லை ஒன்றும் செய்யாது. புல்லைத் தின்கிற குதிரையையும் ஒன்றும் செய்யாது. ஆனால் குதிரை வயிற்றைத் தாண்டி லத்தியில் வந்து, வருஷக்கணக்கில் மக்கினாலும் அப்படியே கிடக்கும். அகல இலைச் செடி எது பட்டாலும் முறுக்கிக் கொன்றுவிடும். பீன்ஸுக்கு அது உடனே தெரியும், இலை கிண்ணம் மாதிரி குழிந்து சுருளும். மாட்டெருக் கிழவர் எனக்கு இருபது வருஷப் பழக்கம், அவர் எருவுக்கே வசந்தம்தோறும் பீன்ஸ் போட்டுத்தான் பார்ப்பேன். கல்யாணமாகி இருந்த காலத்தில் சமையலறை ஜன்னல் முழுக்கத் தொட்டிகளாக இருக்கும். மார்லிஸ்தான் எண்ணி, இலையைத் தடவிப் பார்த்து, "எல்லாம் நேரா இருக்கு, போய் ஒன் மண்ணைக் கட்டிக்கிட்டு அழு" என்பாள்.

அன்றைக்கு நான் பீன்ஸ் போடவில்லை.

மூன்று வாரம் பொறுத்தால் அவள் மருந்து மூன்று வாரம் தள்ளும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதி உண்மை இது. அவள் மழையில் நின்று, நான் அவன் கொடுத்ததை வாங்குவதைப் பார்த்து, சிரித்தாள். பதினோரு வருஷத்தில் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை. 'பரவாயில்லையே, இவனும் மனுஷன்தான்' என்கிற சிரிப்பு. போகும்போது என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுப் போனாள். அந்த லத்தியை எடுத்துப் போய்ச் சோதனை போட எனக்கு மனம் வரவில்லை. அடுத்த வியாழன் போய், "கலந்துட்டேன், எல்லாம் நட்டாச்சு" என்று சொல்ல வேண்டும் என்றிருந்தது.

அதனால் அன்று மத்தியானமே கலந்தேன். பதினான்கு கன்றையும் நட்டேன். நட்டு முடித்தும் மண் மிஞ்சியது. தாய்ச்செடி வேர் நெருக்கி வெகுநாளாகத் தொட்டி மாற்றக் காத்திருந்தது. அதையும் மாற்றினேன். எல்லாச் செடியையும் ஒரே மண்ணில் வைக்காதே என்று ஊரில் அத்தனை பேருக்கும் உபதேசம் பண்ணுகிறவன் நான்தான்.

பத்தாம் நாள் காலை விளக்கு எரிந்ததும் இறங்கிப் போனேன். கன்றுகளின் நுனி இலைகள் லேசாக மடங்கியிருந்தன. எரு கொஞ்சம் சூடு, தண்ணீர் விட்டால் சரியாகும் என்று நினைத்தேன். மூன்று நாள் கழித்து இலை குறுகி, பளபளத்து, திருகிக்கொண்டது. செடிப்பேன் விழுந்தாலும் இப்படித்தான் ஆகும், கண்ணுக்கே தெரியாத பேன். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம்வரை இலை இலையாகப் பார்த்தேன். ஒரு பேன் இல்லை. சரி, சுண்ணாம்புக் குறை. முட்டை ஓட்டைக் காடியில் கரைத்து ஊற்றினேன். கேட்கவில்லை.

அப்புறம் செய்ததுதான் எல்லாவற்றையும்விட மோசம். செடி சோர்ந்தால் நான் எப்போதும் செய்யும் வைத்தியம் உரக்கரைசல். நல்ல எருவை ஒரு பையில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு, வெல்லப்பாகு ஊற்றி, இரண்டு நாள் காற்றுக் குமிழி விட்டால் மண்ணுக்கு உயிர் கொடுக்கும் நுண்ணுயிர்கள் பெருகும். என்னிடம் இருந்த எருவிலேயே மேலான எரு எது? டாரிலின் லத்தி. அதையே கட்டி ஊறவைத்து, பதினான்கு கன்றுக்கும் தாய்ச்செடிக்கும் வேர் நனைய ஊற்றினேன். ஒருமுறை இல்லை, மூன்று முறை. செடி மோசமாக ஆக ஆக இன்னும் கெட்டியாகக் காய்ச்சினேன்.

வியாழக்கிழமைகளில் மார்லிஸ் கேட்பாள். "எப்படி இருக்கு எம்புள்ளைங்க?"

"நல்லா இருக்கு. கொஞ்சம் மெதுவா வருது."

"டாரில், கேட்டியா? ஒன் குதிரை பாஸ் பண்ணிடுச்சு," என்று கொட்டிலைப் பார்த்துக் கத்துவாள். அவன் கையை ஆட்டுவான். நான் காபியைக் குடிப்பேன்.

டிசம்பர் நடுவில் தாய்ச்செடியின் தண்டு வெடித்தது. நுனிகள் முறுக்கிக் கட்டையாகி நின்றுவிட்டன. ஒன்றாவது பிழைக்கட்டும் என்று முப்பது கிளைத்துண்டு வெட்டிச் சுத்தமான மண்ணில் வைத்தேன். முப்பதும் சுருண்டன, விஷம் அதற்குள் உடம்பெல்லாம் ஏறியிருந்தது. நிலவறைப் படியில் உட்கார்ந்து அழுதேன். ஏழு வருஷத்தில் ஒருநாள்கூட அந்தச் செடியை விட்டு நான் எங்கேயும் போனதில்லை. தங்கை செத்தபோதுகூட அன்றே திரும்பிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் பீன்ஸ் போட்டேன். லத்தியில் மூன்று, என் பழைய உரத்தில் மூன்று. என் உரத்தில் வந்தவை நேராக, கை அகல இலையோடு நின்றன. லத்தியில் வந்தவை கொக்கியாக வளைந்து, இலை கிண்ணமாகச் சுருண்டு கிடந்தன. இதைப் பார்த்ததும் என் மனசுக்குள் முதலில் வந்தது துக்கம் இல்லை, சந்தோஷம். வெட்கம்தான், ஆனால் அதுதான் உண்மை. கண்டுபிடித்துவிட்டேன், அவன்தான், அந்த நல்லவன்தான்.

ஜனவரியில் இரண்டாவது வியாழன், இரண்டு வகையிலும் ஒவ்வொரு தொட்டியைத் தூக்கிக்கொண்டு பாலத்தைத் தாண்டினேன். மார்லிஸிடம் இருந்த கடைசிப் புட்டி ஆறு நாள் முன்னால் தீர்ந்திருந்தது. வரும், வரும் என்று போனில் நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அவள் சமையலறை ஓரம் சாய்வு நாற்காலியில் இருந்தாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. டாரில் சூப் கிண்டிக்கொண்டிருந்தான். அன்றைக்கு அவன் கொட்டிலுக்குப் போகவில்லை. தொட்டிகளை மேசையில் வைத்தேன்.

"இது என் உரம். இது ஒன் லத்தி. நல்லாப் பாத்துக்கோ."

டாரில் பார்த்தான். "என்னது இது? நோயா?"

"விஷம். ஒன் குதிரை தின்ன புல்லுல களைக்கொல்லி. பதினாலு கன்னும் போச்சு. தாய்ச்செடியும் போச்சு. இனிமே அந்த வகை உலகத்துலயே கெடையாது. எங்கேர்ந்துடா புல்லு வாங்கின?"

அவன் அடுப்பை அணைத்தான். மெதுவாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "அந்த வறட்சி வருஷம்," என்றான். "இங்க யாருகிட்டயும் புல்லு இல்ல. மலைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து லாரியில வாங்கினேன். மருந்து அடிச்சாங்களான்னு நான் கேக்கல வெண்டல். கேக்கணும்னே எனக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது."

"தெரியாது! குதிரை மேய்க்கிறவனுக்குப் புல்லைப் பத்தித் தெரியாது! அவளோட மருந்தைக் கொன்னுட்டு சூப்பு கிண்டிட்டு நிக்கறே!"

டாரிலின் கண் நிறைந்துவிட்டது. நான் இன்னும் பேசினேன். பதினோரு வருஷமாகத் தொண்டையில் நின்றதெல்லாம் வந்தது. லத்தியில் ஆரம்பித்து எங்கெங்கோ போனேன்.

"வெண்டல்," என்றாள் மார்லிஸ். சத்தமாக இல்லை. அவள் கை மேசைக்கு நீண்டு ஒரு சுருண்ட இலையைத் தடவிக்கொண்டிருந்தது. "இந்த பீன்ஸை எப்ப போட்ட?"

நான் தொட்டியை என் பக்கம் இழுத்தேன்.

"மூணு வாரச் செடி இது. எனக்குத் தெரியாதா? எத்தனை பாத்திருக்கேன். லத்தி வந்தது நவம்பர்ல. நடறதுக்கு முன்னாடி நீ பீன்ஸ் போட்டியா இல்லியா?"

"இல்ல."

"தொட்டி தொட்டியா வெச்சு எனக்குக் காபிக் கோப்பை வெக்க எடமில்லாமப் பண்ணினவன். எத்தன பேரை பீன்ஸ் போடலேன்னு திட்டியிருக்க. எனக்குன்னு வந்தப்ப ஏன் போடல?"

"நீ பாத்துட்டு நின்னே," என்றேன். "சிரிச்சே. அவன் குடுத்ததச் சந்தேகப்பட்டா ஒனக்குப் பிடிக்காதுன்னு..."

"அப்ப, என்னாலயா?"

"அய்யோ, இல்ல. என்னாலதான். நான்தான். ஒனக்கு என்னைப் பிடிக்கணும்னு இருந்துச்சு மார்லிஸ். அவ்வளவுதான். வேற ஒண்ணுமில்ல."

டாரில் தலை குனிந்துகொண்டான். அவள் என்னையே பார்த்தாள். கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். அவள் முகத்தில் இரக்கம் இருந்தது, அதற்குள் அதுவும் போய் வேறொன்று வந்தது.

அவளுடைய வலது கால் விறைத்தது. முழங்கால் மடங்கி மார்பை நோக்கி ஏறியது, உடனே உதைத்து நீண்டது. மேசை இடிபட்டு ஒரு தொட்டி கீழே விழுந்தது. அப்புறம் இடது கால். முதுகு வில்லாக வளைந்து, நாற்காலியிலிருந்து அவள் நழுவினாள். அவள் வாயிலிருந்து வந்த சத்தத்தை நான் எந்த மனுஷரிடமும் கேட்டதில்லை. ஏழு வருஷமாக அவளுக்கு மருந்து கொண்டுவருகிறேன், இழுப்பு என்ற வார்த்தையை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. நான் வரும்போதெல்லாம் என் எண்ணெய் அவள் உடம்பில் இருந்தது.

டாரில் அதற்குள் தரையில் இருந்தான். ஒரு கையை அவள் முழங்காலுக்கு அடியில் கொடுத்து, இன்னொரு கையால் உள்ளங்காலை மேல்நோக்கி மெல்ல அழுத்தினான். "விடு, விடு, மூச்ச விடு கண்ணு. நான் பிடிச்சிருக்கேன்." எங்கே பிடிக்க வேண்டும், எவ்வளவு அழுத்த வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. நான் இன்னொரு காலைப் பிடிக்கப் போனேன். என் கை பட்டதும் கால் இன்னும் வெட்டி இழுத்தது, அவள் அலறினாள்.

"தொடாதே!" என்றான் டாரில். அவன் என்னிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"வெண்டல்," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. கண்ணைத் திறக்கவில்லை. "வெளிய போ. நீ இதப் பாக்கக் கூடாது. போய்யா... தயவுபண்ணிப் போ."

வெளியே வந்து என் வண்டியில் உட்கார்ந்தேன். மழை இல்லை. கொட்டிலிலிருந்து ஒரு குதிரை தலையை நீட்டி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. சமையலறை ஜன்னல் ஒரு விரற்கடை திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது. ஜன்னலை ஏற்றிவிட்டு வண்டியைக் கிளப்பியிருக்கலாம். பாலத்தைத் தாண்டிவிட்டால் கேட்காது. ஆனால் அவள் படுவது என்னால், அதைக் கேட்காமல் போக எனக்கு உரிமையில்லை என்று பட்டது. அவள் அலறும்போதெல்லாம் டாரிலின் குரல் அதே நிதானத்தில் வந்தது. நடுவில் ஒருமுறை அவள் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். என் பெயர் இல்லை.

நாற்பது நிமிஷம் கழித்து அடங்கியது. வீட்டிலிருந்து யாரும் வெளியே வரவில்லை. நான் போய்க் கதவைத் தட்டவும் இல்லை. நாளைக்கும் அவளுக்கு இது வரும், நாளன்றைக்கும் வரும், நிறுத்துவதற்கு என்னிடம் ஒரு சொட்டு இல்லை.